மாரடைப்புக்குப் பிறகு வந்த மயக்கம்

அம்மாவுக்கு மாரடைப்பு வந்தது 2018ஆம் ஆண்டு, சித்திரைப் புத்தாண்டு முடிந்து மூன்றாம் நாள். அப்போது அவருக்கு 61 வயது. விடியப்புறம் கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு வந்து திண்ணையில் இருந்தார். "நெஞ்சு இறுக்குது பிள்ளை, இடக்கை விறைக்குது" என்றார். வாய்வு என்று நினைத்து உள்ளி தட்டி அவித்துக் கொடுத்தேன். அதிலே அரை மணித்தியாலம் போய்விட்டது. சட்டை முழுக்க வியர்வையில் தோய்ந்ததைக் கண்ட பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. பக்கத்து வளவுத் தம்பியின் ஓட்டோவில் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். ஈ.சி.ஜி எடுத்தார்கள், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். பிறகு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே அஞ்சியோகிராம் செய்து, அடைபட்ட குழாய்க்குள் ஸ்ரென்ற் வைத்தார்கள். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

தோடம்பழமும் விவா போத்தலுமாகச் சனம் வந்து பார்த்துவிட்டுப் போனது. கண்டம் கழிந்தது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். இந்தக் கட்டுரை அதற்குப் பிறகு வந்ததைப் பற்றியது.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. பாலர் பாடசாலை ஆசிரியை. அம்மாவோடு கிளினிக்குகளுக்கு அலைந்தபோது வைத்தியர்களையும் தாதிமாரையும் கேட்டு அறிந்ததையும், பின்னர் தேடி வாசித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன். மாரடைப்பு வந்து வீட்டுக்குத் திரும்பிய ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அல்லது அது நீங்களாகவே இருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு விடும்போது அம்மா அங்கிருந்த வைத்தியரிடம் ஒரு கேள்வி கேட்டார். "டொக்டர், இனி எனக்கு எத்தினை வருசம் கிடக்கு? எனக்கொரு அலுவல் முடிக்கக் கிடக்கு."

அந்த அலுவல் என்னவென்று வைத்தியருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். என் தம்பி 2009 மே மாதம் வட்டுவாகலில் சனத்தோடு சனமாக நடந்து வந்தவன். அதன் பிறகு இன்றுவரை அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இருக்கத் தொடங்கிய நாளில் இருந்து அம்மாவும் அவனுடைய படத்தோடு அங்கே போய் இருந்து வந்தவர். கூட இருந்த தாய்மார் ஒவ்வொருவராக நோயில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு செத்த வீட்டுக்கும் போய் வந்து, "அவவும் பாக்காமல் போட்டா" என்று அம்மா சொல்லுவார்.

வைத்தியர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "ஒருத்தருக்கும் நாள் குறிக்கேலாது அம்மா. ஆனா ஆருக்கு ஆபத்துக் கூட எண்டு ஓரளவுக்குப் பாக்கலாம். அதுக்கு ஒரு நாற்பது நாள் போகவேணும். அதுவரைக்கும் இந்தக் குளிசையள் ஒண்டையும் விடாதேங்கோ. தலை சுத்தினால், மயங்கினால் உடனே வாங்கோ."

தழும்பைச் சுற்றி ஓடும் மின்சாரம்

எங்கள் இருதயத்தில் இயற்கையாகவே ஒரு சிறு மின்சாரம் ஓடுகிறது. மேலே ஓரிடத்தில் பிறந்து, ஒழுங்கான வழிகளில் இறங்கி, கீழே உள்ள இதயவறைகளைச் சுருங்கச் செய்கிறது. மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி இரத்தம் கிடைக்காமல் இறந்துவிடும். சில கிழமைகளில் அந்த இடம் தழும்பாகிவிடும், வெட்டுக்காயம் ஆறித் தழும்பாவது போல. தழும்புக்குள் மின்சாரம் ஓடாது. ஆனால் தழும்பின் ஓரங்களில் உயிர் தப்பிய மெல்லிய தசை நார்கள் கிடக்கும். அவற்றுக்குள் அது மெதுவாக ஓடும்.

இரணைமடுத் தண்ணீர் வரும் வாய்க்காலில் நடுவில் ஒரு மண்மேடு விழுந்தால் என்ன நடக்கும் என்று வயல்காரருக்குத் தெரியும். நேரே போக வேண்டிய தண்ணீர் மேட்டைச் சுற்றிச் சுழியாகும். இருதயத்திலும் அப்படித்தான். மின்சாரம் தழும்பைச் சுற்றிச் சுழலத் தொடங்கினால் இதயவறை நிமிடத்துக்கு 150, 180, 200 தடவை என்று அடிக்கும். அந்த வேகத்தில் அறை நிரம்புவதற்கே நேரம் இல்லை. மூளைக்குப் போகும் இரத்தம் குறையும், ஆள் மயங்குவார். சுழி தானாக அடங்கினால் எழும்பிவிடுவார். அடங்காமல் இன்னும் குழம்பினால் இதயவறை துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கும். அதன் பிறகு இருப்பது சில நிமிடங்கள்தான்.

"நேற்றுப் பின்னேரம் நல்லாத்தான் கதைச்சுக்கொண்டிருந்தவர், விடியப் பார்த்தால் ஆள் இல்லை" என்று நாங்கள் சொல்லும் சாவுகளில் பல இப்படி வருபவை. இரண்டாவது மாரடைப்பு என்று ஊரில் சொல்லுவார்கள். பல வேளை அது இரண்டாவது அல்ல, முதலாவது விட்டுப்போன தழும்பு.

எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு அக்கா இருந்தார். கணவன் இல்லை, மூன்று பிள்ளைகள். 2014இல் மாரடைப்பு வந்து ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார். எக்கோ பரிசோதனைக்கு வரச்சொன்ன திகதி பிந்தித்தான் கிடைத்தது. மூன்றாம் கிழமை தொடங்கும்போது வேலைக்குப் போய்விட்டார், போகாவிட்டால் சம்பளம் இல்லை. பத்தொன்பதாம் நாள் இரவு நித்திரையிலேயே போய்விட்டார். "அண்டைக்குப் பின்னேரம் தலையைச் சுத்துது எண்டு சொல்லி அடுப்படியில இருந்தவ, நாங்கள் தேத்தண்ணி குடுத்தனாங்கள்" என்று மூத்த மகள் செத்த வீட்டில் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தச் சொல் எனக்குள் கிடந்தது. ஆனால் அதன் பொருள் அப்போது எனக்குத் தெரியவில்லை.

மாரடைப்பின் பின் இருதயம் பலவீனப்பட்ட 14,609 பேரைப் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. திடீர்ச் சாவும், திடீரென இருதயம் நின்று காப்பாற்றப்படுவதும் முதல் 30 நாளில்தான் ஆகக் கூட. ஆயிரம் பேரில் 14 பேருக்கு அந்த ஒரு மாதத்துக்குள் அது நடந்தது. இரண்டு வருடம் தாண்டிய பிறகு மாதத்துக்கு ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டாகக் குறைந்துவிடுகிறது. அந்த அக்கா போனது அந்த முதல் மாதத்தில்.

ஈ.எஃப் என்று எழுதிய இலக்கம்

கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். எக்கோ எடுத்திருந்தால் 'ஈ.எஃப்' என்று போட்டு ஓர் இலக்கம் இருக்கும். இடது இதயவறையில் நிரம்பும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை வீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதுதான் அது. நல்ல இருதயத்தில் 55க்கு மேல் இருக்கும். முழுவதையும் தள்ளும் இருதயம் யாருக்கும் இல்லை. ஆகவே 60 என்று கண்டு, நாற்பது வீதம் பழுது என்று பயப்பட வேண்டாம். அம்மாவோடு கிளினிக்குக்கு வந்த ஒரு பெரியம்மா அப்படித்தான் நினைத்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார்.

அந்த இலக்கம் 35க்குக் கீழே போனால்தான் வைத்தியர்கள் திடீர்ச் சாவைப் பற்றி யோசிப்பார்கள். அம்மாவுடையது முதல் தடவை 33.

அப்படியானால் உடனேயே ஏதும் செய்யலாமே, ஏன் நாற்பது நாள்? மாரடைப்பு வந்த புதிதில் தசையின் ஒரு பகுதி இறந்திருக்கும், இன்னொரு பகுதி அதிர்ச்சியில் சும்மா கிடக்கும். அப்படிக் கிடப்பது கிழமைக் கணக்கில் மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பும். 33 என்பது 45 ஆகலாம், ஆகாமலும் விடலாம். ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் ஐ.சி.டி என்ற கருவியை 40 நாளுக்கு முன்னமே வைத்தால் உயிர் தப்புவார்களா என்று 674 பேரில் செய்த ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. துடிப்புக் கோளாறால் வந்த சாவு குறைந்தது. ஆனால் வேறு காரணங்களால் வந்த சாவு கூடி, மொத்தக் கணக்கு மாறவில்லை. அதனால்தான் அந்த எல்லை. எங்களுக்கு 31ஆம் நாள் என்றால் அந்தியேட்டி. இருதய வைத்தியர்களுக்கு 40ஆம் நாள் ஒரு கணக்கு.

அந்த நாற்பது நாளும் வெறுமனே காத்திருக்கும் நாட்கள் அல்ல. ஆகக் கூடிய ஆபத்து அப்போதுதான். கையில் இருக்கும் காவல் குளிசைதான், அதிலும் முக்கியமாக ஒன்று. மெற்றோபுறொலோல், பைசோபுறொலோல், காவெடிலோல் என்று பெயர் எதுவாகவும் இருக்கலாம். பயம், பதகளிப்பு வரும்போது உடம்பில் சுரக்கும் அட்ரினலின் இருதயத்தை உதைப்பதைத் தடுக்கும் குளிசை. இதே குடும்பத்தைச் சேர்ந்த புறொப்பனலோலை மாரடைப்பு வந்த 3,837 பேரில் சோதித்து 1982இல் முடிவு சொன்னார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 9.8 பேர் இறந்தார்கள், குளிசை எடுத்தவர்களில் 7.2 பேர்.

இந்தக் குளிசையில் ஒரு கரைச்சல் உண்டு. முதல் கிழமைகளில் உடம்பைச் சோரப்பண்ணும். அம்மாவுக்கும் சோர்வாக இருந்தது. "இதைப் போட்டால் ஏலாமக் கிடக்கு பிள்ளை" என்று ஓரிரு தடவை என்னிடம் சொன்னார். நான் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு அவர் சொல்லுவதை நிறுத்திவிட்டார். சோர்வு போய்விட்டது என்று நினைத்தேன். அவர் குளிசையை நிறுத்தியிருந்தார்.

வற்றாப்பளையில்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போக வேண்டும் என்று அம்மா நின்றார். தம்பிக்காக வைத்த நேர்த்தி. மாரடைப்பு வந்து அப்போது ஆறு கிழமை. நான் வேண்டாம் என்றேன். "உப்புத்தண்ணியில விளக்கெரியிற அம்மாளாச்சி என்னைப் பாக்கமாட்டாவோ" என்றார். பரந்தன், புதுக்குடியிருப்பு வழியாக பஸ்ஸில் போனோம். அம்மா முதல் நாளில் இருந்து விரதம், தண்ணீரும் குடிக்கவில்லை. ஆனால் காலில் வீக்கம் வராமல் இருக்கக் கொடுத்த, சலம் போகப்பண்ணும் குளிசையை மட்டும் காலையில் போட்டிருந்தார். அதை விட்டால் கால் வீங்கும் என்ற பயம்.

பின்னேரம், சனத்துக்குள் நிற்கும்போது "நெஞ்சு பறக்குது" என்றார். நான் திரும்புவதற்குள் விழுந்துவிட்டார். கண் மேலே போய்விட்டது. யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், யாரோ திருநீறு பூசினார்கள், ஒருவர் "அம்மாள் வந்திட்டா, தொடாதேங்கோ" என்றார். அரை நிமிடம் இருக்கும். பிறகு அம்மா கண்ணைத் திறந்து, "என்னத்துக்கு எல்லாரும் நிக்கிறியள்?" என்று கேட்டார். சனம் ஆறுதல் பட்டது. விரத மயக்கம், சோடா ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்றார்கள். எனக்கும் அதை நம்ப விருப்பமாகத்தான் இருந்தது.

கூட்டத்துக்குள் நின்ற ஒரு வயதான அம்மா வந்து நாடியைப் பிடித்தார். ஓய்வுபெற்ற தாதி என்று பிறகு தெரிந்தது. "இவவுக்கு முன்னம் என்ன வருத்தம்?" என்று கேட்டார். மாரடைப்பு என்றேன். "எப்ப?" ஆறு கிழமை. அவர் கையை விடாமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "சோடா பிறகு குடுக்கலாம் பிள்ளை. மாரடைப்பு வந்த ஆள் மயங்கினால் அது விரத மயக்கம் எண்டு நாங்கள் முடிவெடுக்கேலாது. மெசினில போட்டுப் பாத்திட்டு அவை சொல்லட்டும். இப்பவே கொண்டு போ."

முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலைக்குப் போனோம். மொனிட்டரில் போட்டார்கள். இரவு எட்டரை மணி அளவில் அம்மா என்னோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே திரையில் கோடுகள் அகன்று, நெருங்கி, வேலியடைப்பது போல ஓடின. ஆறு ஏழு விநாடி. பிறகு பழையபடி வந்துவிட்டன. அம்மா கதையை நிறுத்தி, "திரும்பவும் பறக்குது" என்றார். அந்தக் கடதாசியைத்தான் வைத்தியர் கிழித்துக் கொப்பியில் ஒட்டினார். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. பட்டினி, வெயில், சலம் போகப்பண்ணும் குளிசை, அதற்கு மேல் நிறுத்திய மெற்றோபுறொலோல். தழும்பு ஏற்கெனவே இருந்தது. சுழி கிளம்ப இவ்வளவும் போதும்.

அந்தத் தாதி அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வேண்டுமென்றே வரவழைத்துப் பார்ப்பது

யாழ்ப்பாணத்தில் மறுபடி எக்கோ எடுத்தபோது இலக்கம் 36. ஆபத்து எல்லைக்கு வெளியே என்று சொல்லலாம், ஆனால் மயக்கமும் மொனிட்டரில் கண்ட ஓட்டமும் கணக்கை மாற்றிவிட்டன. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டும் என்றார்கள். தொடை நரம்பு வழியாக மெல்லிய கம்பிகளை இருதயத்துக்குள் விட்டு, சிறு மின்துடிப்புகளால் அந்தக் கெட்ட துடிப்பை வேண்டுமென்றே தூண்டிப் பார்ப்பார்கள். வந்தால் அங்கேயே நிறுத்துவார்கள்.

"வருத்தத்தை வரவைச்சுப் பாக்கிறதோ? இதென்ன விளையாட்டு?" என்றார் அம்மா. அதைவிடக் கொழும்பு என்பதுதான் அவருக்குப் பெரிய தடை. ரயிலில் போகும்போது ஓமந்தை வந்ததும் அடையாள அட்டையை எடுத்து மடியில் வைத்தார். சோதனைச்சாவடி இல்லாமல் போய் வருடங்கள் ஆகிவிட்டன, கை இன்னும் மறக்கவில்லை. அங்கே விளக்கம் சொன்ன வைத்தியர் சிங்களம். மலையகத்தைச் சேர்ந்த தாதி ஒருவர் பக்கத்தில் நின்று வரி வரியாகத் தமிழில் சொன்னார். பரிசோதனையில் அந்தத் துடிப்பு வந்தது. ஐ.சி.டி வைக்க முடிவெடுத்தார்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது, இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில்.

அந்தக் கருவியை யோசித்தவரின் கதையைப் பின்னர் வாசித்தேன். மிஷெல் மிரோவ்ஸ்கி, போலந்தின் வார்சோ நகரில் பிறந்த யூதர். 1939இல் யுத்தம் வந்தபோது 15 வயதுப் பையனாக ஊரைவிட்டு ஓடியவர். திரும்பி வந்தபோது வீட்டார் ஒருவரும் உயிரோடு இல்லை. பின்னர் இஸ்ரேலில் வைத்தியராக வேலை செய்யும்போது, அவர் மதித்த மூத்த வைத்தியர் ஹெல்லர் ஆபத்தான துடிப்புக் கோளாறால் இறந்தார். வைத்தியசாலைக் கட்டிலிலேயே கிடந்தால் காப்பாற்றலாம், ஆனால் ஒரு மனிதனை ஆயுள் முழுக்க அங்கே வைத்திருக்க முடியுமா? அப்படியானால் அதிர்ச்சி கொடுக்கும் மெசினை உடம்புக்குள் வைத்தால் என்ன என்று யோசித்தார். பெரிய இருதய வைத்தியரான பேர்னாட் லவுன் 1972இல் அது சரிவராத யோசனை என்று எழுதினார். மிரோவ்ஸ்கி விடவில்லை. 1980 பெப்ரவரி 4இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் முதலாவது கருவியை வைத்தார்கள். அதை முதன்முதலில் நெஞ்சில் சுமந்தவர் ஒரு பெண், வயது 57. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "அந்தப் பொடியன்ர தாய் தகப்பன் என்ன ஆனது எண்டு பிறகெண்டாலும் தெரிஞ்சதோ?"

லவுனைக் குறை சொல்லவும் முடியாது. மின்னதிர்ச்சி கொடுத்து இருதயத்தைத் திருப்பும் மெசினை 1960களில் செம்மைப்படுத்தியவரே அவர்தான். மாரடைப்புக்குப் பின் இடையிடையே வரும் தப்புத் துடிப்புகளை வைத்து யாருக்கு ஆபத்து என்று தரம் பிரிக்கும் முறையையும் 1971இல் சொன்னார். அந்தத் தப்புத் துடிப்புகளை அடக்கினால் சாவு குறையும் என்று உலகம் முழுக்க நம்பினார்கள், மருந்தும் கொடுத்தார்கள். 1,498 பேரில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்து 1991இல் முழுக் கணக்கையும் வெளியிட்டபோதுதான் உண்மை தெரிந்தது. துடிப்புகள் அடங்கின. ஆனால் மருந்து எடுத்தவர்களில் 63 பேர் செத்தார்கள், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 26 பேர். அறிகுறியை அழித்தால் ஆபத்து அழியும் என்று எண்ணியது தவறு. அதனால், "நெஞ்சு இடைக்கிடை துள்ளுது" என்பதற்காக யாரோ ஒருவருடைய குளிசையை வாங்கிப் போடாதீர்கள்.

சொல்ல முடிவதும் முடியாததும்

முன்கூட்டிச் சொல்லும் இந்த வழிகள் எல்லாமே குறையுள்ளவைதான். ஈ.எஃப் 30 அல்லது அதற்குக் கீழே இருந்த 1,232 பேரில் கருவியைச் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். கருவி இல்லாதவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பேரும், கருவி வைத்தவர்களில் 14 பேரும் இறந்தார்கள். பெரிய இலாபம்தான். ஆனால் அந்த 1,232 பேரில் பெண்கள் 192 பேர் மட்டுமே. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் திடீரென இருதயம் நின்றவர்களை எண்ணிப் பார்த்தபோது, ஆண்களை விடப் பெண்களில் ஈ.எஃப் மிகக் குறைந்தவர்கள் குறைவாகவே இருந்தார்கள். அதாவது அந்த இலக்கம் நல்லாக இருந்தும் போனவர்கள் எங்களில் கூட. கொழும்பில் அம்மாவுக்குச் செய்த பரிசோதனையும் அப்படித்தான். தூண்டியும் துடிப்பு வராதவர்களில்கூட இரண்டு வருடத்துக்குள் நூற்றுக்கு 12 பேர் அதே கோளாறால் இறந்தார்கள் அல்லது இருதயம் நின்றுபோனார்கள் என்று 2000இல் ஓர் ஆய்வு காட்டியது. வந்தவர்களில் 18 பேர்.

இப்போது தழும்பின் படத்தையே கணினி கொண்டு வாசித்து ஆபத்தைக் கணிக்கப் பார்க்கிறார்கள். முதல் கருவி வைத்த அதே ஜோன்ஸ் ஹொப்கின்ஸில், நத்தாலியா ட்ரயனோவா என்ற பெண் பொறியியலாளரின் குழு 2022இல் அப்படியொரு முறையை வெளியிட்டது. எங்கள் கிளினிக்குகளுக்கு அது வந்து சேருமோ தெரியாது. ஆனால் இருக்கிற எக்கோவும் ஈ.சி.ஜியும் ஒரு கேள்வியும் வற்றாப்பளையில் போதுமாக இருந்தன. அந்தக் கேள்வி: முன்னம் என்ன வருத்தம்?

யுத்தப் பயம் இருதயத்தை இப்படிச் செய்யுமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். 1994 ஜனவரி 17 விடியற்காலை அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸில் பூமி அதிர்ந்தது. நாளொன்றுக்குச் சராசரியாக ஐந்து பேர் அளவில் திடீரென இருதயம் நின்று இறக்கும் அந்த இடத்தில் அன்று ஒரே நாளில் 24 பேர் இறந்தார்கள். அடுத்த நாட்களில் வழமையை விடக் குறைந்தது. எப்போதோ போக இருந்த, ஏற்கெனவே பழுதுபட்ட இருதயங்களைப் பயம் அன்றைக்கே கொண்டுபோனது என்று ஆய்வாளர்கள் விளங்கிக்கொண்டார்கள். எங்களுக்கு எத்தனை நாள் அப்படி இருந்தது என்று நான் எழுதத் தேவையில்லை.

வீட்டில் ஆள் விழுந்துவிட்டால் தண்ணீர் பருக்க வேண்டாம். தட்டிக் கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் ஒழுங்காக இல்லாமல் கிடந்தால் ஒருவர் 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், வடக்கிற்கு 2018 யூலையில் வந்தது. மற்றவர் நெஞ்சின் நடு எலும்பில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமத்த வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக்கூடாது. விலா எலும்பு முறியுமோ என்று பயப்படுவோம். முறிந்தால் பொருந்தும். குளிசை ஒத்துவராவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள், அளவைக் குறைத்தோ மாற்றியோ தருவார்கள். அம்மாவுக்கு அரைவாசியாக்கினார்கள், சோர்வு போய்விட்டது. அதை ஆறு கிழமைக்கு முன்னமே நான் கேட்டிருக்கலாம்.

கருவி வைத்து முதல் ஒன்றரை வருடம் அது ஒன்றுமே செய்யவில்லை. அம்மாவுக்கு அதில் குறை. "சும்மா கிடக்கிற காவல்காரன்" என்பார். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு திரும்பவும் சோதனைகள் வந்தபோது, கைமெசின் நெஞ்சடியில் சத்தம் போட்டது. மேலே பிடிக்க வேண்டாம் என்று கருவி அட்டையைக் காட்டினோம். சோதனையில் நின்ற பெண் அதை வாசித்துவிட்டு, அம்மாவின் தோளைத் தடவி விட்டாள்.

2020 தொடக்கத்தில் கொழும்புக்குப் பரிசோதனைக்குப் போனோம். நெஞ்சுக்கு மேல் ஒரு வட்டத்தை வைத்துக் கருவியில் பதிந்திருப்பதைக் கணினியில் எடுத்தார்கள். கடதாசி நீளமாக வந்தது. அதில் ஓரிடத்தைத் தாதி விரலால் காட்டினார். மார்கழி மாதத்து இரவு ஒன்று, அதிகாலை 2.14. நிமிடத்துக்கு 188 துடிப்பு. கருவி அதிர்ச்சி கொடுக்காமல், சிறு மின்துடிப்புகளை விட்டே சுழியை முறித்திருக்கிறது. மொத்தம் 11 விநாடி.

"அம்மா, உங்களுக்கு அண்டைக்கு ஏதும் தெரிஞ்சதோ?" என்று தாதி கேட்டார்.

அம்மா கடதாசியை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் நித்திரை" என்றார். பிறகு அதை நாலாக மடித்து, தம்பியின் படம் வைத்திருக்கும் பொலித்தீன் உறைக்குள் வைத்தார். இரவு ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.